ஸ்டீபன்சனின் விளக்கும் ‘தகுதி’ என்ற சொல்லும்

ரயில் எஞ்சினைக் கண்டுபிடித்தவர் யார் என்று கேட்டால் ஜார்ஜ் ஸ்டீபன்சன் என்று ஒரு மதிப்பெண்ணுக்கு எழுதிவிட்டுக் கடந்துபோகிறோம். அந்த விடை முழு உண்மை அல்ல. சுரங்கத்தில் தேங்கிய நீரை இறைக்க 1712-இல் நியூகோமன் அமைத்த எஞ்சின், அதை மேம்படுத்தி 1769-இல் ஜேம்ஸ் வாட் பெற்ற காப்புரிமை, 1804-இல் ட்ரெவிதிக் தண்டவாளத்தில் ஓட்டிய எஞ்சின் எல்லாம் அவருக்கு முந்தியவை. நீராவி ஆற்றல் பலர் கைபட்டு வளர்ந்தது. ஸ்டீபன்சனிடம் நாம் படிக்கவேண்டியது வேறு.

1781-இல் வட இங்கிலாந்தின் வைலம் கிராமத்தில் பிறந்தார். அப்பா நிலக்கரிச் சுரங்கத்தில் எஞ்சின் உலைக்குக் கரி போடும் தொழிலாளி. பெற்றோர் இருவருக்குமே எழுதப் படிக்கத் தெரியாது. பள்ளிக்கு அனுப்பக் காசில்லை. 18 வயதில்தான், தன் கூலியில் கட்டணம் கட்டி, இரவுப் பள்ளியில் எழுத்தும் கணக்கும் கற்றார். 1811-இல் கில்லிங்வொர்த் சுரங்கத்தில் சரியாக ஓடாத எஞ்சினைச் சீர்செய்தார். அடுத்த ஆண்டு எஞ்சின்களின் பொறுப்பு அவருக்கு வந்தது. 1814-இல் அவர் செய்த ‘ப்ளூஹர்’ 30 டன் நிலக்கரியை மேட்டில் இழுத்தது.

அந்நாளில் சுரங்க வாயுவில் விளக்குச் சுடர் பட்டு வெடிப்பது வழக்கம். 1812-இல் ஃபெல்லிங் சுரங்கத்தில் மட்டும் 92 பேர் செத்தார்கள். 1815-இல் ஸ்டீபன்சன் பாதுகாப்பு விளக்கொன்றைச் செய்து, எரியும் விளக்கோடு வாயு கசியும் இடத்துக்குத் தானே போய்ச் சோதித்தார். அதே காலத்தில் லண்டனில் சர் ஹம்ப்ரி டேவியும் ஒரு விளக்கைச் செய்தார். டேவிக்கு 2000 பவுண்டு பரிசு கிடைத்தது. ஸ்டீபன்சனுக்குத் திருட்டுப் பட்டம் கிடைத்தது.

சான்று என்ன? படிக்காத சுரங்கத் தொழிலாளிக்கு இந்த அறிவு எப்படி வரும் என்ற சந்தேகம்தான் சான்று. அவரை அறிந்த வட்டாரத்தார் விசாரித்துப் பழியைத் துடைத்தார்கள், 1000 பவுண்டும் கொடுத்தார்கள். இருவருக்கும் சம உரிமை உண்டு என்று நாடாளுமன்றக் குழு சொன்னது 1833-இல். டேவி அதை ஏற்காமலே 1829-இல் இறந்திருந்தார்.

தோழர்களே, ‘தகுதி’ என்று நம்மிடம் பேசுகிறவர்கள் பேசுவதும் இதே சந்தேகத்தைத்தான். செய்த வேலையைப் பார்க்காமல், செய்தவர் எங்கிருந்து வந்தார் என்று முதலில் பார்ப்பது.

ஆனால் இரண்டையும் ஒன்றாக்கிவிடக் கூடாது. ஸ்டீபன்சனை ஏளனம் செய்தார்கள். எஞ்சினைத் தொடாதே என்று யாரும் தடுக்கவில்லை. கூலியில் மிச்சம் பிடித்தால் இரவுப் பள்ளிக் கதவு திறந்தது. அவர் மகன் ராபர்ட் பொறியாளராகி 1847-இல் நாடாளுமன்றத்துக்கே போனார். வர்க்கம் போட்ட தடையை ஒரு தலைமுறையில் தாண்ட முடிந்தது. பிறப்பிலேயே பூட்டிய கதவு அப்படித் திறப்பதில்லை. அதனால்தான் தனிமனித உழைப்புக் கதைகளைக் காட்டி இட ஒதுக்கீட்டை மறுப்பவர்களை நாம் ஏற்பதில்லை.

இனி ஒரு கண்டுபிடிப்பாளரின் கதையைப் படிக்கும்போது, அவருக்கு முன் உழைத்தவர் யார், படிக்கும் வாய்ப்பு யாருக்கு மறுக்கப்பட்டது, யாருடைய சொல் நம்பப்படவில்லை என்று கேட்டுப் படிப்போம்.