சும்மா கிடந்த சங்கு

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. அந்த ஆண்டிக்கு நேரடி வாரிசு அடியேன்தான்.

போன மாதம் 18-ம் தேதி, ராத்திரி ஒன்பது மணி. மச்சினனின் பாத்திரக் கடைக் கணக்கு மொத்தமும் என் கம்ப்யூட்டரில். 20-ம் தேதிக்குள் ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் போட்டாக வேண்டும். தவறினால் நாளொன்றுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம், வட்டி தனி. பி.காம். படித்த மாமா இருக்கிறார் என்ற தைரியத்தில் அவன் ஆடிட்டரே வைத்துக்கொள்ளவில்லை. அப்படிப்பட்ட ராத்திரியில், ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த மெஷினுக்கு 'பயாஸ் அப்டேட்' பண்ணினால் இன்னும் வேகமாக ஓடும் என்று யாரோ சொன்னதை நம்பி, பென் டிரைவைச் செருகினேன்.

பயாஸ் என்பது பெரிய மர்மம் இல்லை. மதர்போர்டில் எட்டுக் கால் வைத்த குட்டிச் சிப் ஒன்று இருக்கிறது. அதற்குள் இருக்கும் புரோகிராம்தான் அது. வீட்டில் முதலில் எழுந்து மற்றவர்களை எழுப்பும் அம்மா மாதிரி. மெமரி இருக்கிறதா, டிஸ்க் எங்கே என்று பார்த்துவிட்டு விண்டோஸைத் தட்டி எழுப்பும். அப்டேட் என்றால் அந்தச் சிப்பை அழித்துத் திரும்ப எழுதுவது. அழித்த பிறகு, எழுதி முடிப்பதற்குள் கரன்ட் போனால்?

போயிற்று. எழுபது சதவிகிதத்தில். யு.பி.எஸ். 'கீ' என்று ஒரே ஒரு சத்தம் போட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டது. அதன் பாட்டரியை மாற்றச் சொல்லி மனைவி இரண்டு வருஷமாகச் சொல்லிவந்தது எனக்கு ஞாபகம் வந்தது. அவளுக்கும் வந்தது.

கரன்ட் வந்ததும் பட்டனை அழுத்தினேன். ஃபேன் சுற்றியது. திரை கும்மிருட்டு.

"ஃபேன் சுத்துதே, உயிர் இருக்குங்க!"

ஃபேன் சுற்றக் கரன்ட் போதும், பயாஸ் தேவையில்லை என்று விளக்கினேன்.

"விளக்கறத விட்டுட்டு வேலையப் பாருங்க."

எல்லா இருட்டும் சாவு இல்லை சார். புது போர்டுகளில் அப்டேட் நல்லபடியாக முடிந்தால்கூட, மெமரியோடு புதிதாகப் பழகிக்கொள்ளச் சில நிமிஷம் திரை இருட்டாகவே இருக்கும். பயந்துபோய் ஆஃப் பண்ணுகிறவர்கள்தான் நல்ல மெஷினையும் கெடுப்பது. நான் அரை மணி காத்திருந்தேன். ம்ஹூம். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, போர்டில் இருக்கும் வட்டமான சி.ஆர்.2032 பாட்டரியைக் கழற்றி, ஐந்து நிமிஷம் கழித்துத் திரும்பப் போட்டேன். ஊரே சொல்லும் வைத்தியம் இது. ஆனால் இதில் செட்டிங்குகள்தான் பழைய நிலைக்குப் போகும். அழிந்த புரோகிராம் எங்கிருந்து வரும்?

சில போர்டுகளின் பின்பக்கம் 'ஃபிளாஷ்பேக்' என்று ஒரு பட்டன் உண்டு. பயாஸ் ஃபைலுக்கு மேனுவலில் சொன்ன பெயரை வைத்து, பென் டிரைவில் போட்டுச் செருகி, அதை அழுத்தினால் சிப் தானாகத் தன்னைத் திருத்தி எழுதிக்கொள்ளும். அந்தப் பட்டன் உள்ள போர்டு 1,500 ரூபாய் அதிகம் என்று நான் வாங்கவில்லை. சிக்கனம்!

1999 ஏப்ரல் 26-ம் தேதி சி.ஐ.எச். என்ற வைரஸ் இதே வேலையைத்தான் செய்தது. செர்னோபில் அணு உலை வெடித்த தேதி என்பதால் அந்தப் பெயரிலும் அழைத்தார்கள். பல நாடுகளில் கம்ப்யூட்டர்களின் டிஸ்க்கையும் அழித்து, முடிந்த இடத்தில் பயாஸையும் குப்பையால் நிரப்பியது. என் வீட்டில் வைரஸ் எதுவும் இல்லை. நான் இருந்தேன்.

மறுநாள் காலை கேபினெட்டைத் தூக்கிக்கொண்டு ரிச்சி தெருவுக்கு ஓடினேன். இருபத்திரண்டு வயசிருக்கும் பையன். அந்த எட்டுக்கால் சிப்பில் துணி கிளிப் மாதிரி ஒன்றை மாட்டினான்.

"தம்பி, கணக்கெல்லாம் போச்சா?"

"அது டிஸ்க்ல இருக்கு சார். இதுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல."

அவன் வாயில் சர்க்கரை போட வேண்டும் என்று தோன்றியது. சிப்பில் இருந்த அரைகுறையை முதலில் காப்பி எடுத்துக்கொண்டான், போர்டின் நம்பர் அதில் இருக்குமாம். அப்புறம் புது பயாஸை எழுதி, சரியாக ஏறியிருக்கிறதா என்று ஒப்பிட்டும் பார்த்தான். அறுநூறு ரூபாய். திரை வெளிச்சமானது.

வந்த சந்தோஷம் இரண்டு நிமிஷம். 48 இலக்க பிட்லாக்கர் எண்ணைக் கொடு என்று நீலத் திரை மிரட்டியது. பயாஸ் மாறியதும் விண்டோஸுக்கு என்னைத் திருடன் என்று சந்தேகம். டிஸ்க் பத்திரமாகத்தான் இருக்கிறது, சாவி இல்லையென்றால் யாருக்கும் திறக்காது. எனக்கும்தான்!

மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்டில் அந்த எண் இருக்கும் என்றான் பையன். அதற்கு ஓ.டி.பி. போனது, நான் நாலு வருஷம் முன்னால் கொடுத்த நம்பருக்கு. அந்த சிம் இப்போது யாரிடம்? மாமியாரிடம்.

"அத்தை, போன்ல ஒரு நம்பர் வந்திருக்கும், படிங்க."

"ஓ.டி.பி. கேட்டா யாருக்கும் சொல்லக் கூடாதுன்னு டி.வி.ல சொன்னாங்களே, மாப்பிள்ளை?"

சொல்ல வைப்பதற்குள் மூன்று ஓ.டி.பி. காலாவதி. 20-ம் தேதி ராத்திரி பத்தே முக்காலுக்கு ரிட்டர்ன் போய்ச் சேர்ந்தது. மச்சினனுக்குப் போன் பண்ணிச் சொன்னேன்.

"தேங்க்ஸ் மாமா. அப்புறம், என் லேப்டாப்புல 'பயாஸ் அப்டேட்'னு ஏதோ வந்து நிக்குது. அழுத்திரட்டுமா?"