கோச்சை மாத்தலை, சரி... பெஞ்சை மாத்தினாங்களா?

2025 டிசம்பர் 16. அபுதாபியில் ஐ.பி.எல் மினி ஏலம். பிரஷாந்த் வீர் என்ற பெயர் வந்தபோது பல வீடுகளில் 'யாருப்பா இது?' என்றுதான் கேட்டிருப்பார்கள். 20 வயது, உத்தரப்பிரதேசம், இடது கை சுழல் ஆல்ரவுண்டர், அடிப்படை விலை 30 லட்சம். சி.எஸ்.கே அவரை 14.20 கோடிக்குத் தூக்கியது. அந்த அதிர்ச்சி அடங்குவதற்குள் ராஜஸ்தானைச் சேர்ந்த 19 வயது விக்கெட் கீப்பர் கார்த்திக் சர்மாவுக்கும் அதே 14.20 கோடி. கையில் இருந்த 43.40 கோடியில் 28.40 கோடி, இந்தியாவுக்காக ஒரு மேட்ச்கூட ஆடாத இரண்டு பையன்களுக்கு!

இது வேறு அணி என்றால் யாரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள். ஆனால், செய்தது 'டாட்ஸ் ஆர்மி' என்று செல்லமாகக் கிண்டலடிக்கப்பட்ட சி.எஸ்.கே. அனுபவம், அனுபவம் என்று 30 வயதைத் தாண்டியவர்களையே சேர்த்துக் கப் அடித்த அணி. அந்த அணி ஏன் இப்படி மாறியது என்று கேட்டால், பதில் 2025 சீசனின் பாயின்ட்ஸ் டேபிளில் கடைசி வரியில் இருக்கிறது.

14 மேட்ச், 4 வெற்றி, 10-வது இடம். ஐ.பி.எல் வரலாற்றில் சி.எஸ்.கே கடைசி இடத்தில் முடித்தது அதுதான் முதல் முறை. சேப்பாக்கத்தில் மும்பையை ஜெயித்து ஆரம்பித்தவர்கள், அதன் பிறகு அங்கு ஆடிய ஐந்து மேட்ச்சிலும் தோற்றார்கள். 2008-க்குப் பிறகு முதல் முறையாக பெங்களூரு சேப்பாக்கத்தில் ஜெயித்தது. கொல்கத்தாவுக்கு எதிராக 103 ரன்தான். அதை அவர்கள் 10.1 ஓவரிலேயே அடித்துவிட்டுப் போனார்கள். டி.வி-யை அணைத்துவிட்டுச் சாப்பிடப் போன குடும்பங்கள் அன்றைக்கு எத்தனையோ!

இப்படி ஒரு சீசன் முடிந்தால் பெரும்பாலான அணிகளில் முதலில் போவது கோச்தான். சி.எஸ்.கே-வில் அது நடக்கவில்லை. ஸ்டீபன் ஃப்ளெமிங் தொடர்கிறார். 2008-ல் இந்த அணிக்காக பேட் பிடித்தவர், 2009-ல் கெப்லர் வெசல்ஸுக்குப் பதிலாகப் பயிற்சியாளர் ஆனார். அணி தடைசெய்யப்பட்டிருந்த 2016, 2017 தவிர, அந்த நாற்காலியில் வேறு யாரும் உட்காரவில்லை. 2010, 2011, 2018, 2021, 2023 என ஐந்து கோப்பைகளும் அவர் காலத்தில் வந்தவைதான்.

கோச்சை வைத்துக்கொள்வதால் என்ன லாபம் என்று தெரிந்துகொள்ள வெகுதூரம் போக வேண்டாம். இதே சென்னையின் கால்பந்து அணியைப் பார்த்தாலே போதும். சென்னையின் எஃப்.சி 2015-ல் மட்டராஸி, 2018-ல் ஜான் கிரிகரி என இரண்டு கோச்களின் கீழ் சாம்பியன் ஆனது. 2019-20 சீசனில் பாதியில் வந்த ஓவன் கோய்ல், கீழே கிடந்த அணியை ஃபைனல் வரை இழுத்துப் போனார். அவர் ஜாம்ஷெட்பூருக்குக் கிளம்பியதும், லாஸ்லோ, பாண்டோவிச், பிர்டாரிச் என மூன்று சீசனுக்கு மூன்று கோச்கள். மூன்று சீசனிலும் அணி பிடித்த இடம் எது தெரியுமா? 8, 8, 8. ஆளை மாற்றிக்கொண்டே இருந்தார்கள், இடம் மட்டும் மாறவே இல்லை. பிறகு கோய்லையே திரும்பக் கூட்டி வந்தார்கள். 2023-24-ல் அணி மறுபடி பிளே-ஆஃப் எட்டிப் பார்த்தது. அடுத்த சீசனில் 11-வது இடம் என்றதும் அவரும் கிளம்பிவிட்டார்.

ஆக, ஃப்ளெமிங்கை வைத்துக்கொண்டது சரிதான். கேள்வி அது இல்லை. வேலை போய்விடும் என்று பயப்படும் கோச் அடுத்த மேட்ச்சை மட்டும்தான் பார்ப்பார். தெரிந்த முகத்தையே இறக்குவார். தோற்றாலும் 'சீனியர் பிளேயர், ஃபார்ம்ல இல்லை' என்று சொல்லித் தப்பிக்கலாம் அல்லவா? 19 வயதுப் பையனை இறக்கி, அவன் இரண்டு முறை சொதப்பினால் பழி கோச் தலையில். அதனால், பையன்களை நம்பி இறக்கும் தைரியம் நாற்காலி ஆடாத கோச்சுக்குத்தான் இருக்க வேண்டும். இந்தியாவிலேயே ஃப்ளெமிங்கைவிட நாற்காலி ஆடாத கோச் யார் இருக்கிறார்?

அப்படியும் 2025-ல் என்ன நடந்தது? முதல் ஏழு மேட்ச்களில் ராகுல் திரிபாதி, தீபக் ஹூடா, விஜய் சங்கர் என்று தெரிந்த பெயர்களே மாறி மாறி வந்தன. கேப்டன் ருதுராஜ் கெய்க்வாட் முழங்கையில் அடிபட்டு சீசனை விட்டே வெளியேறினார். 43 வயது தோனி மறுபடி கேப்டன் ஆனார். அப்போதுதான் பெஞ்ச்சில் யார் இருக்கிறார்கள் என்று தேட ஆரம்பித்தார்கள். ஷேக் ரஷீத் என்று ஓர் இளைஞர் இருந்தார். 2023-லிருந்து அணியில் இருந்தவருக்கு, மூன்றாவது சீசனில்தான் முதல் மேட்ச் கிடைத்தது.

அடுத்து நடந்ததுதான் சுவாரஸ்யம். ருதுராஜுக்குப் பதிலாக 17 வயது ஆயுஷ் மாத்ரே வந்தார். குர்ஜப்னீத் சிங் காயமடைந்ததால் டிவால்ட் பிரெவிஸ் வந்தார். வன்ஷ் பேடிக்குப் பதிலாக உர்வில் படேல் வந்தார். மூன்று பேரும் ஜெட்டாவில் நடந்த மெகா ஏலத்தில் யாருமே வாங்காமல் விட்டவர்கள். மாத்ரே முதல் மேட்ச்சிலேயே வான்கடேவில் 15 பந்தில் 32 அடித்தார், பெங்களூருவில் 48 பந்தில் 94. உர்வில் முதல் மேட்ச்சில் 11 பந்தில் 31. பிரெவிஸ் ஆறே மேட்ச்சில் 225 ரன். அகமதாபாத்தில் கடைசி மேட்ச், புள்ளிப் பட்டியலில் மேலே இருந்த குஜராத்தை 83 ரன் வித்தியாசத்தில் தோற்கடித்தார்கள்.

'பார்த்தீங்களா, பெஞ்ச் காப்பாத்திடுச்சு' என்று அப்போது ரசிகர்கள் கொண்டாடினார்கள். கொஞ்சம் கவனித்தால் விஷயம் வேறு. காப்பாற்றியது பெஞ்ச் இல்லை. மூவரும் பாதியில் வெளியிலிருந்து வந்தவர்கள். ஒரு வருடமாக நெட்ஸில் பந்து பொறுக்கிக்கொண்டிருந்த பையன் எழுந்து வந்து நிற்பதற்குத்தான் பெஞ்ச் பலம் என்று பெயர்.

அது சி.எஸ்.கே-வுக்குத் தெரியாத வித்தை ஒன்றும் இல்லை. ருதுராஜை 20 லட்சத்துக்கு வாங்கினார்கள். 2019 முழுக்க ஒரு மேட்ச் கிடையாது. 2020-ல் கொரோனா வந்து பாதி சீசன் போனது, கடைசி மூன்று மேட்ச்சில் மூன்று அரை சதம். அடுத்த வருடம் 635 ரன், ஆரஞ்சு கேப், கோப்பை. உட்கார வைத்தார்கள், கற்றுக்கொடுத்தார்கள், சொதப்பியபோதும் வைத்துக்கொண்டார்கள். ஒரு கோச் நிலையாக இருப்பதன் முழுப் பலன் அந்த ஒரு பையன்தான்.

காஞ்சிபுரம் பக்கம் இது புதிதும் இல்லை. கோர்வைச் சேலை நெய்யும் தறியில் நெசவாளர் தனியாக உட்கார முடியாது. கரைக்கு வேறு நிறம் என்பதால், அந்த நாடாவைத் தள்ளிவிடப் பக்கத்தில் இன்னொருவர் வேண்டும். கரை ஓட்டப் போய்த் தொழில் கற்றவர்கள் அங்கே ஏராளம். முசரவாக்கம் மாதிரியான ஊர்களின் டென்னிஸ் பால் அணிகளில் கதை தலைகீழ். ஞாயிற்றுக்கிழமை காலையில் பதினோரு பேரைத் திரட்டுவதே பெரும்பாடு. ஓப்பனிங் ஆடுகிற அண்ணனுக்குக் கல்யாண வீடு வந்தால், அம்பயர் நிற்கும் தம்பியைத்தான் பேட் பிடிக்கச் சொல்ல வேண்டும். பல நேரம் அந்தத் தம்பி அண்ணனைவிட நன்றாக ஆடிவிடுவான் என்பது வேறு கதை!

ஆனால், தம்பிகளை உட்கார வைத்தே அனுப்பிய கதையும் சி.எஸ்.கே-வுக்கு உண்டு. தமிழ்நாட்டு ரசிகர்களுக்கு உள்ளே உறுத்தும் விஷயமும் அதுதான். சாய் கிஷோர் 2020, 2021 இரண்டு சீசனும் மஞ்சள் ஜெர்சி போட்டார், ஒரு மேட்ச் ஆடவில்லை. குஜராத் 3 கோடிக்கு வாங்கியது, 2025-ல் 19 விக்கெட் எடுத்தார். கோவைக்காரர் ஜெகதீசன் 2018-லிருந்து இருந்தும் கிடைத்தது ஏழே மேட்ச். 2022 நவம்பரில் அவரை விடுவித்தார்கள். அதே மாதம் விஜய் ஹசாரே கோப்பையில் தொடர்ந்து ஐந்து சதம், அதில் ஒன்று 277! சென்னைப் பையன் சாய் சுதர்சனை 2022-ல் குஜராத் வெறும் 20 லட்சத்துக்கு வாங்கியது. 2023 ஃபைனலில் சி.எஸ்.கே-வுக்கு எதிராகவே 47 பந்தில் 96 அடித்தார். 2025-ல் 759 ரன்னோடு ஆரஞ்சு கேப். அதே சீசனில் சி.எஸ்.கே பெஞ்ச்சில் இருந்த தமிழ்நாட்டு இளம் பேட்ஸ்மேன் ஆந்த்ரே சித்தார்த்துக்குக் கடைசி இடத்துக்குப் போன அணியிலும் ஒரு வாய்ப்பு கிடைக்கவில்லை. சீசன் முடிந்ததும் அவரையும் விடுவித்துவிட்டார்கள். தமிழ்நாட்டுக்காரர் என்பதற்காக இறக்க வேண்டாம். ஆனால், நாலு தெரு தள்ளி இருக்கிறவரை அகமதாபாத்காரர்கள் வந்து கண்டுபிடிக்கிறார்கள் என்றால், தேடுகிற இடத்தில் ஏதோ கோளாறு.

பெஞ்ச் மட்டும் இருந்து கோச் நிலைக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்குத் தமிழ் தலைவாஸ். 2022-ல் 2.26 கோடிக்கு வாங்கிய பவன் ஷெராவத் முதல் மேட்ச்சிலேயே முழங்காலில் அடிபட்டு வெளியேறினார். பெயர் தெரியாத நரேந்தர் என்ற ரெய்டர் எழுந்து நின்று அந்த சீசனில் 240-க்கும் மேல் ரெய்டு பாயின்ட் எடுத்தார். பாதியில் பொறுப்பேற்ற அஷன் குமார், அணியை முதல் முறையாக அரையிறுதிக்குக் கொண்டுபோனார். அடுத்த சீசன் சரியில்லை என்றதும் அவர் போனார், உதயகுமாரும் சேரலாதனும் வந்தார்கள். அதற்கு அடுத்த சீசன் சஞ்சீவ் பலியான். வீடு கட்டும்போது வருடத்துக்கு ஒரு மேஸ்திரி மாறினால் சுவர் எப்படி நிற்கும்?

இந்த விஷயத்தில் அமெரிக்கக் கல்லூரிகளின் ஃபுட்பால் ஒரு வேடிக்கையான உதாரணம். அங்கே கையால் பிடித்து ஓடும் அமெரிக்க ஃபுட்பால்தான். படிப்பு முடிந்தால் எவ்வளவு பெரிய ஸ்டாரும் கிளம்பியே ஆக வேண்டும். அலபாமா பல்கலைக்கழகத்தில் நிக் சேபன் 17 சீசன் கோச்சாக இருந்து ஆறு தேசிய பட்டம் வென்றார். ஒரு பட்டத்துக்கு ஆடியவர்கள் சில வருடம் கழித்து வந்த அடுத்த பட்டத்தில் அநேகமாக இருக்க மாட்டார்கள். கோச் அப்படியே இருக்க, பையன்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள். இரண்டாம் வரிசையைத் தயார்செய்யாத கோச் அங்கே தாங்கவே முடியாது.

சி.எஸ்.கே-வுக்கு அந்தக் கட்டாயம் இருந்ததில்லை. யாரையும் அனுப்ப வேண்டியதில்லை என்பது பெருமையாகவே இருந்தது. 2018 ஃபைனலில் 36 வயது வாட்சன் 117 ரன் அடித்துக் கோப்பையை வாங்கிக் கொடுத்தபோது, பெரியவர்களை நம்பினால் போதும் என்ற எண்ணம் ஊறிப்போயிருக்கும். யாரைக் குறை சொல்வது? அன்றைக்கு எல்லோரும் விசில் அடித்தவர்கள்தானே!

இப்போது அந்தக் கதவைத் திறந்துவிட்டார்கள். 2012-லிருந்து இருந்த ஜடேஜாவை ராஜஸ்தானுக்கு அனுப்பி சஞ்சு சாம்சனைக் கொண்டு வந்தார்கள், சாம் கரணும் போனார். பதிரனாவை விட்டுவிட்டார்கள், கொல்கத்தா அவரை 18 கோடிக்கு எடுத்துக்கொண்டது. அஷ்வின் தானாகவே ஓய்வை அறிவித்தார். வருடக்கணக்கில் பழகிய முகங்கள் ஒரே குளிர்காலத்தில் காலி. மாத்ரேவுக்கு 18, கார்த்திக்குக்கு 19, பிரஷாந்த்துக்கு 20, பிரெவிஸுக்கு 22.

ஆனால், பையன்களை வாங்குவது வேறு, ஆட வைப்பது வேறு. 14.20 கோடி என்ற விலைச்சீட்டு முதுகில் தொங்கும்போது, இரண்டு மேட்ச் சொதப்பினாலே சோஷியல் மீடியாவில் மீம்ஸ் பறக்கும். மூன்றாவது மேட்ச்சில் அந்தப் பையன் இருப்பானா, அல்லது பழக்கதோஷத்தில் 35 வயது ஒருவர் உள்ளே வருவாரா என்பதை 17 வருடமாக நாற்காலி ஆடாத ஒருவர் முடிவுசெய்யப் போகிறார்.

சேப்பாக்கத்தில் இந்த சீசனின் முதல் மேட்ச் அன்று, டாஸ் முடிந்ததும் எல்லோரும் பிளேயிங் லெவனைத்தான் படிப்பார்கள். அதற்குக் கீழே இம்பாக்ட் பிளேயருக்காக ஐந்து பெயர்கள் சின்ன எழுத்தில் வரும். அதையும் ஒரு தடவை படித்துவிடுங்கள். நாலாவது வாரத்தில் அந்த ஐந்து பேரில் எத்தனை பேர் மேலே ஏறியிருக்கிறார்கள் என்று எண்ணிக்கொள்ளலாம்.