ஆங்கில வினையும் தமிழ் எச்சமும்

நம் மாணாக்கர் ஆங்கிலம் எழுதுங்கால் அடிக்கடி இடறுமிடம் ஒன்றுண்டு. சில வினைகளின்பின் ‘டு’ என்னும் சொல்லொடு கூடிய வினையும், வேறு சிலவற்றின்பின் ‘இங்’ என முடியும் தொழிற்பெயரும் வருதல் வேண்டும் என்பதே அது. திருவண்ணாமலையிலும், செங்கம், போளூர் முதலிய பக்கத்தூர்களிலும் பாடஞ்சொல்லும் ஆசிரியர்க்கு இவ்விடர் புதிதன்று. அவர்தம் உபாயமோ பெரும்பாலும் ஒன்றே: ‘என்ஜாய், அவாய்ட், பினிஷ்’ என ஒரு ஜாபிதாவும், ‘ஹோப், டிஸைட், ரெப்யூஸ்’ என மற்றொன்றும் கரும்பலகையில் எழுதி நெட்டுருச் செய்வித்தல். பரீக்ஷை முடிந்த மறுவாரமே இரண்டும் கலந்துவிடுகின்றன. தமிழ் வழியிற் கற்றுக் கல்லூரி புகும் ஏழை மாணாக்கன், தன் அறிவிற் குறையில்லாதிருந்தும், உத்தியோகத்திற்கு எழுதும் முதல் விண்ணப்பத்திலேயே தலைகுனிய நேரிடுகிறது.

இவன் வேண்டும் இலக்கணத்திற் பெரும்பகுதியைத் தாய்மொழியிலேயே உடையவன் என்பது எமது துணிபு. ‘மறு’ என்னும் வினையை நோக்குக. ‘வர மறுத்தான்’ என்பதற்கும் ‘வந்ததை மறுத்தான்’ என்பதற்கும் உள்ள வேற்றுமையைச் சிறுபிள்ளையும் அறியும். முன்னது இனி நிகழவேண்டிய செயலுக்கு இசையாமை. பின்னது நிகழ்ந்ததை இல்லையென்றல். ஆங்கிலேயன் முன்னதற்கு ‘ரெப்யூஸ்’ என்று சொல்லி ‘டு’ சேர்ப்பான். பின்னதற்கு ‘டினை’ என்று சொல்லி ‘இங்’ சேர்ப்பான். செயவென் எச்சம் நின்றவிடத்தில் ‘டு’, தொழிற்பெயர் நின்றவிடத்தில் ‘இங்’. மலையை வலம்வரும் 14 கிலோமீட்டர் வழியில் ஒருவர் தேநீர் அருந்த நின்றார் எனின் ‘ஸ்டாப்ட் டு டிரிங்க்’. தேநீர் அருந்துவதையே நிறுத்தினார் எனின் ‘ஸ்டாப்ட் டிரிங்கிங்’. தமிழில் வினையே ‘நில்’, ‘நிறுத்து’ என வேறுபட்டுவிடுதலின், குழப்பத்திற்கு இடமே இல்லை.

இவ்வொற்றுமை முற்றும் தற்செயலன்று. ‘டு’ என்பது ஆதியில் ஒரு திசையை நோக்குதலைக் குறித்த இடைச்சொல். ‘இங்’ என்பது வினையினின்று பெயரை ஆக்கிய பழைய விகுதி. ஆதலின் முன்னது பெரும்பாலும் இனி வருவதைச் சுட்டுகிறது. வினையெச்ச வாய்பாடு தொல்காப்பியர் ஒன்பதும் பவணந்தியார் பன்னிரண்டும் கூறியிருக்க, நம் மாணாக்கர்க்கு இவை அன்னியப் பொருளாய்த் தோன்றுவது விந்தையே. வீரமாமுனிவர் நம் கொடுந்தமிழை ஐரோப்பியப் பாதிரிமார்க்கு உணர்த்த இலத்தீன் மொழியில் இயற்றிய இலக்கணம் 1738-இல் தரங்கம்பாடியில் அச்சாயிற்று. அவர்கள் தாமறிந்த மொழி வாயிலாக நம் மொழியைக் கற்றனர். நாம் மட்டும் ஆங்கில வகுப்பிலே தமிழை வாயிற்படியில் நிறுத்துவானேன்?

தமிழ் எங்கும் கைகொடுக்கும் என்று யாம் சொல்லவில்லை. ‘படித்து முடித்தான்’ என்னும் வழக்கு ‘பினிஷ்’ வினைக்கு உதவாது. ‘போகும்படி யோசனை கூறினார்’ என்பது ‘ஸஜெஸ்ட்’ வினையின்பின் ‘டு’ போடத் தூண்டிக் கெடுக்கும். இத்தகையனவற்றை மட்டும் ஜாபிதாவாக எழுதிக்கொள்ளலாம்; அது மிகச் சிறியதாகும். எஞ்சிய ஐயங்கட்கு அகராதி உண்டு. ஜப்பானில் ஆசிரியராயிருந்த ஹார்ன்பி என்பவர், அந்நாட்டு மாணாக்கரின் இடர்ப்பாடுகளைக் கண்டு, தோழர் இருவருடன் 1942-இல் தோக்கியோவில் வெளியிட்ட அகராதி, ஒவ்வொரு வினையும் எவ்வமைப்பை ஏற்கும் என்பதைக் குறித்தது. அதன் வழிவந்த பதிப்புக்கள் இன்றும் கிடைக்கின்றன. அவற்றைப் புரட்டும் பழக்கத்திற்கு வாரத்தில் ஒரு மணி நேரம் ஒதுக்கும் பள்ளிகள் பெருகுதல் வேண்டும்.

கடிதங்களின் இறுதியில் நம்மவர் எழுதும் ‘லுக் பார்வர்டு டு ஸீ’ என்னும் பிழையும் தமிழாலேயே நீங்கும். அங்குள்ள ‘டு’ வினையொடு சேர்ந்ததன்று. நமது நான்காம் வேற்றுமைக் ‘கு’ உருபை ஒத்தது. ‘தங்களைக் காண்பதற்கு ஆவலாயிருக்கிறேன்’ என்னுமிடத்தில் ‘கு’ உருபின்முன் ‘காண்பது’ என்னும் பெயர் நிற்பதுபோல, ஆங்கிலத்திலும் அந்த ‘டு’வை அடுத்துப் பெயரே நிற்கவேண்டும், அதுவே ‘ஸீயிங்’.