கோலா துளையில் சதி எதுவும் இல்லை

கோலா ஆழ்துளையைப் பற்றிக் காணொளி எதையாவது திறந்து பாருங்கள், ஏறக்குறைய ஒரே கதைதான் வரும். சோவியத் விஞ்ஞானிகள் பூமியை 12 கிலோமீட்டர் தோண்டினார்கள். உள்ளே ஏதோ ஒன்றைக் கண்டு அரண்டார்கள், அல்லது வெளியிலிருந்து யாரோ வந்து கெடுத்தார்கள். ராவோடு ராவாக ஓர் இரும்பு மூடியைப் போட்டு இறுக்கிவிட்டுக் கிளம்பிவிட்டார்கள்.

கதைக்குப் பல வடிவங்கள் உண்டு. ஒன்றில் நரகத்தின் ஓலம், இன்னொன்றில் அமெரிக்க உளவாளி, வேறொன்றில் திட்டத்துக்குள்ளேயே இருந்த கறுப்பு ஆடு. இவ்வளவு பெரிய வேலை தானாக நின்றிருக்காது, யாரோ நிறுத்தியிருக்க வேண்டும் என்ற நம்பிக்கைதான் எல்லாவற்றுக்கும் அடியில் ஓடுகிறது. அந்த நம்பிக்கையோடுதான் எனக்குத் தகராறு.

ஓலத்தை முதலில் முடித்துவிடலாம், அதற்கு அதிக நேரம் ஆகாது. 1989, 1990 வாக்கில் பின்லாந்தின் மதப் பத்திரிகை ஒன்றிலும் அமெரிக்காவின் டிரினிட்டி என்ற கிறித்தவத் தொலைக்காட்சியிலும் வந்த கதை அது. அதில் வரும் துளை சைபீரியாவில் இருக்கிறது, ஆழம் 14.4 கிலோமீட்டர், வெப்பம் 1,000 டிகிரிக்கு மேல். கோலா இருப்பது சைபீரியாவில் அல்ல. ரஷ்யாவின் வடமேற்கு மூலையில், நார்வே எல்லையை ஒட்டிய மூர்மன்ஸ்க் பகுதியில். அதன் ஆழம் 12,262 மீட்டரைத் தாண்டியதே இல்லை. அடியில் பதிவான வெப்பம் சுமார் 180 டிகிரி. 1,000 டிகிரியில் எந்த மைக் உயிரோடு இருந்து ஓலத்தைப் பதிவு செய்யும் என்று கேட்கக்கூட யாருக்கும் தோன்றவில்லை. துளையிலிருந்து இறக்கை முளைத்த பிசாசு ஒன்று பறந்துபோனதாக ஒரு கிளைக்கதையும் உண்டு. அதைச் சேர்த்த நார்வே ஆசிரியர், கேட்பவர்கள் சரிபார்க்கிறார்களா என்று பார்ப்பதற்காகத் தானே இட்டுக்கட்டியது என்று பின்னால் ஒப்புக்கொண்டார். யாரும் சரிபார்க்கவில்லை.

மூடியைப் பற்றியும் ஒரு வார்த்தை. கோலா துளையின் விட்டம் 23 சென்டிமீட்டர் அளவுதான். நம் ஊரில் போடும் ஆறரை இஞ்ச் போரைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவே. பயன்படாத ஆழ்துளைக் கிணறுகளை மூடிவைக்கச் சொல்லி உச்ச நீதிமன்றமே உத்தரவு போட்ட நாட்டில் இருந்துகொண்டு, ரஷ்யாக்காரன் தன் துளையை ஏன் மூடினான் என்று நாம் மர்மம் பேசுகிறோம்.

அடுத்தது, கண்டதை மறைத்தார்கள் என்ற வாதம். இதில் ஒரு துளி உண்மை உண்டு. 1970 மே 24 அன்று, லெனின் நூற்றாண்டையொட்டித் துளையிடத் தொடங்கியபோது உலகுக்கு அவர்கள் தண்டோரா போடவில்லை. பக்கத்திலேயே நேட்டோ நாடான நார்வே. சோவியத் எல்லை மாவட்டங்களில் தேநீர்க் கடைக்கே அனுமதிச் சீட்டு கேட்ட காலம் என்று சொன்னால் மிகையாகாது. ஆனால் அந்தக் கதவு 1984இல் விரியத் திறந்தது. அந்த ஆண்டு மாஸ்கோவில் பன்னாட்டு நிலவியல் மாநாடு நடந்தது. வெளிநாட்டு விஞ்ஞானிகளைக் கோலாவுக்கே அழைத்துப்போய்க் காட்டினார்கள். சோவியத் நிலவியல் அமைச்சர் யெவ்கேனி கோஸ்லோவ்ஸ்கி அதே ஆண்டு டிசம்பரில் அமெரிக்காவின் சயன்டிஃபிக் அமெரிக்கன் இதழில் இந்தத் துளையைப் பற்றிக் கட்டுரையே எழுதினார். அவர் பதிப்பித்த விரிவான ஆய்வுத் தொகுப்பு 1987இல் ஸ்பிரிங்கர் வெளியீடாக ஆங்கிலத்திலும் வந்தது. பயங்கர ரகசியத்தைப் பொத்திவைக்கும் அமைச்சர் அதைப் பகை நாட்டுக் கடைகளில் விலைக்கு விற்பாரா?

அந்தத் தொகுப்பில் இருப்பது பிசாசைவிடச் சுவாரசியமானது. நில அதிர்வு அலைகளை வைத்து, கோலாவில் சுமார் 7 கிலோமீட்டர் ஆழத்தில் கிரானைட் முடிந்து பசால்ட் தொடங்கும் என்று நிலவியலாளர்கள் நம்பியிருந்தார்கள். பாடப்புத்தகங்கள்கூட அப்படித்தான் சொல்லின. துளை போய்ப் பார்த்தது, பசால்ட் இல்லை. உருமாறி, நொறுங்கி, வெடிப்புகளில் நீர் தேங்கிய பாறைதான் இருந்தது. அலைகளின் வேகம் மாறியதற்குக் காரணம் அந்த உருமாற்றமும் நீரும்தான். அவ்வளவு ஆழத்தில் தண்ணீர் ஓடித் திரியும் என்று எதிர்பார்த்தவர்கள் குறைவு. 6 கிலோமீட்டருக்கும் கீழே நுண்ணிய மிதவை உயிரிகளின் புதைபடிவங்கள் கிடைத்தன. மேலே வந்த சேற்றில் ஹைட்ரஜன் கொதித்ததுபோல் குமிழியிட்டது. இவை எல்லாமே அச்சில் இருக்கின்றன. காணொளி செய்பவர்களுக்கு மட்டும் எட்டவில்லை.

சதிக்கதைகளிலேயே கொஞ்சம் மரியாதையாக எடுத்துக்கொள்ள வேண்டியது 1984 செப்டம்பர் விபத்துதான். 1983இல் 12,000 மீட்டரைத் தாண்டியதும் துளையிடுவதை நிறுத்தி வைத்தார்கள். மாநாட்டு விருந்தினர்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். செப்டம்பர் 27 அன்று மீண்டும் இறங்கி, 12,066 மீட்டரை எட்டிய நிலையில் குழாய்த் தொடர் அறுந்தது. ஏறக்குறைய 5 கிலோமீட்டர் நீளக் குழாய் உள்ளேயே தங்கிவிட்டது. வெளிநாட்டுக்காரர்கள் வந்து போனதும் குழாய் அறுகிறது, இது தற்செயலா என்று கேட்கிறார்கள்.

அவர்கள் கேட்க வேண்டிய ஆள் உளவாளியல்ல, ஆழ்துளைக் கிணறு போடும் திருச்செங்கோட்டு ரிக் ஓட்டுநர். ஓட்டத்தை நிறுத்தி ராடை உள்ளேயோ வெளியேயோ வைத்துவிட்டுச் சில நாள் கழித்து வந்தால் போர் என்னவெல்லாம் செய்யும் என்று அவர் சொல்வார். சில நூறு அடி துளையிலேயே மண் சரியும், பிட் என்கிற துளையிடும் முனை மாட்டும், ராடு முறியும். கோலாவில் 12 கிலோமீட்டர் ஆழம், நிறுத்தியது ஏறக்குறைய ஓராண்டு.

அந்த ஆழத்தில் மேலே இருக்கும் பாறையின் சுமை சுமார் 3,000 வளிமண்டல அழுத்தம். துளைக்குள் நிரம்பி நிற்கும் சேற்று நீர் எதிர்த்துத் தரக்கூடியது அதில் பாதிகூட இல்லை. எனவே சுவர் உள்ளே நெருக்கும், துகள் துகளாக உதிரும், வட்டமான துளை நீள்வட்டமாகும். மேலே எடுத்துவந்த பாறை மாதிரிகள்கூட அழுத்தம் விட்டதும் வில்லை வில்லையாகத் தாமே உடைந்தன. எஃகுக் குழாய் தன் பாரத்தையே தாங்காது என்பதால் அலுமினியக் கலவைக் குழாய் போட்டிருந்தார்கள். 12 கிலோமீட்டர் குழாயை மேலிருந்து சுழற்ற முடியாது. ஆகவே சேற்றை உயர் அழுத்தத்தில் கீழே செலுத்தி, அடியில் உள்ள டர்பைன் மட்டும் பிட்டைச் சுழற்றும்படி செய்திருந்தார்கள். பிட் சில மணி நேரத்தில் தேய்ந்துவிடும். தேய்ந்ததை மாற்ற 12 கிலோமீட்டர் குழாயையும் ஒவ்வொன்றாகக் கழற்றி மேலே இழுத்து, புது பிட்டைப் பூட்டித் திரும்ப இறக்க வேண்டும். இப்படி வாழும் ஒரு குழாய்த் தொடர் அறுந்துபோக யாரும் அறுக்க வேண்டியதில்லை. அதுவரை அறுந்துபோகாமல் இருந்ததற்குத்தான் விளக்கம் தேவை.

தவிர, சதிகாரன் தன் வேலையை ஒழுங்காகச் செய்யவில்லை. விபத்துக்குப் பிறகு சுமார் 7,000 மீட்டர் மட்டத்திலிருந்து பக்கவாட்டில் கிளை பிரித்து மறுபடி தோண்டினார்கள். ஐந்தே ஆண்டில் பழைய ஆழத்தைத் தாண்டி 1989இல் 12,262 மீட்டரைத் தொட்டார்கள். கெடுக்கப்பட்ட துளைதான் உலக சாதனை ஆனது! அந்த ஆழத்தில் 100 டிகிரி இருக்கும் என்று கணக்கிட்டிருந்தார்கள், இருந்தது 180. அந்த வெப்பத்திலும் அழுத்தத்திலும் பாறை கெட்டியாக நில்லாமல் மெல்ல இளகி நகரத் தொடங்கியது. பிட்டை வெளியே எடுத்த இடைவெளியிலேயே துளை சுருங்கியது. 1993க்குள் 15,000 மீட்டர் என்ற திட்டம் அங்கேயே முடிந்தது. 1991 இறுதியில் சோவியத் ஒன்றியமே கலைந்தது. 1992இல் துளையிடல் நின்றது. சம்பளம் தரவே பணம் இல்லாத அரசாங்கத்தின் திட்டத்தைக் கவிழ்க்க எதற்கு நாசவேலை?

இனி போட்டிக் கதை. விண்வெளிப் போட்டிபோல் பாதாளத்துக்கும் அமெரிக்காவும் ரஷ்யாவும் ஓடின, ஒருவர் காலை ஒருவர் வாரினார்கள் என்கிறார்கள். கோலா 1979 ஜூன் 6 அன்று முறியடித்த சாதனை யாருடையது தெரியுமா? ஓக்லஹோமாவின் பெர்த்தா ராஜர்ஸ் கிணறு, 9,583 மீட்டர், 1974. அதைத் தோண்டியது அமெரிக்க அரசாங்கமே அல்ல, இயற்கை எரிவாயு தேடிய ஒரு தனியார் நிறுவனம். அது நின்றது உருகிய கந்தகத்தில் மோதியதால். எதிரி என்று சொல்லப்பட்டவன் பந்தயத்திலேயே இல்லை.

ஒரு காலத்தில் அமெரிக்கா பந்தயத்தில் இருந்தது உண்மைதான். அந்தத் திட்டத்தின் பெயர் மோஹோல். வால்டர் மங்க், ஹாரி ஹெஸ் போன்றவர்கள் 1957இல் கிளப்பிய யோசனை. கண்டத்தில் பூமியின் ஓடு தடிப்பு, கடலடியில் மெல்லியது. ஆகவே கடலில் துளையிட்டு, ஓடு முடிந்து மேன்டில் தொடங்கும் எல்லையைத் தொடலாம் என்றார்கள். ரஷ்யர்கள் முந்திவிடுவார்கள் என்ற பயமுறுத்தலைப் பணம் கேட்கும்போது தாராளமாகப் பயன்படுத்தினார்கள். 1961இல் மெக்சிகோவின் குவாடலூப்பே தீவருகே, கஸ் ஒன்று என்ற கப்பலிலிருந்து, மூன்றரை கிலோமீட்டர் தண்ணீருக்கு அடியில் 183 மீட்டர் துளைத்தார்கள். நங்கூரம் போட முடியாத ஆழத்தில் நாற்புறமும் எந்திரங்களை வைத்துக் கப்பலை ஒரே இடத்தில் நிறுத்திய வித்தை அங்கே பிறந்தது. எழுத்தாளர் ஜான் ஸ்டைன்பெக் உடன் போய் லைஃப் இதழுக்கு எழுதினார். கென்னடி வாழ்த்துச் செய்தி அனுப்பினார்.

இரண்டாம் கட்டத்தில்தான் காலை வாரும் படலம். அதை ஆரம்பித்தது ரஷ்யர்கள் அல்ல. ஒப்பந்தம் 1962இல் ஹூஸ்டனின் பிரவுன் அண்டு ரூட் நிறுவனத்துக்குப் போனது. மதிப்பீட்டின் முதல் சுற்றில் அது முன்னணியில் இருந்த நிறுவனம் அல்ல. ஹூஸ்டன் தொகுதியின் ஆல்பர்ட் தாமஸ்தான் இத்திட்டத்துக்குப் பணம் ஒதுக்கும் நாடாளுமன்றத் துணைக்குழுவின் தலைவர். இதற்கு மேல் விளக்கம் வேண்டுமா? விஞ்ஞானிகளோ தங்களுக்குள்ளேயே இரண்டாகப் பிரிந்தார்கள். மேன்டிலை நோக்கி நேராகப் போக வேண்டும் என்றது ஒரு தரப்பு. சிறிய கப்பல் ஒன்றை வைத்துப் பல இடங்களில் ஆழம் குறைந்த துளைகள் போட்டுப் படிப்படியாகப் போக வேண்டும் என்றது மறு தரப்பு. செலவு மதிப்பீடு எகிறிக்கொண்டே போனது. 1966 பிப்ரவரியில் தாமஸ் இறந்தார். அதே ஆண்டு நாடாளுமன்றம் பணத்தை நிறுத்தியது. ஒரு பெரிய அறிவியல் துளையை மனிதர்கள் சண்டையிட்டே மூடிய கதை இதுதான். ஆனால் இதில் ரகசியம் எங்கே? செய்தித்தாளிலும் நாடாளுமன்றப் பதிவிலும் பகலில் நடந்த சண்டை. இதைக் காணொளியாக்க யாருக்கும் ஆசையில்லை, பிசாசும் உளவாளியும் இல்லையே.

கோலா நின்றதற்கு ஒரு கை தேவை என்று இன்னமும் நினைப்பவர்கள், பகையே இல்லாத இடங்களில் என்ன நடந்தது என்று பார்க்கட்டும். பவேரியாவின் வின்டிஷேஷன்பாக்கில் ஜெர்மனி, பணத்துக்குப் பஞ்சமில்லாமல், கோலாவின் பாடங்களையும் படித்துவிட்டுத் துளையிட்டது. 10 கிலோமீட்டருக்கு மேல் போக ஆசைப்பட்டவர்கள் 1994இல் 9,101 மீட்டரில் நின்றார்கள். அடியில் 265 டிகிரி, பாறை அங்கேயும் இளகத் தொடங்கியிருந்தது. சீனா 2023 மே மாத இறுதியில் டாக்லமகான் பாலைவனத்தில் ஒரு துளை தொடங்கியது. 11,100 மீட்டர் இலக்கு. 2024 மார்ச்சில் 10,000 மீட்டர், அதாவது சுமார் ஒன்பது மாதம். மிச்சமிருந்ததில் 910 மீட்டர் போவதற்குள் ஏறக்குறைய இன்னோர் ஆண்டு ஓடிவிட்டது. 2025 பிப்ரவரியில் 10,910 மீட்டரில் வேலை முடிந்ததாக அறிவித்தார்கள். 35 ஆண்டு கழித்து, புத்தம் புதுக் கருவிகளோடு, கோலாவுக்கு இன்னும் 1,352 மீட்டர் மேலே.