உபதேசியாருக்கு எழுதியவர்

வீரமாமுனிவரைப் பற்றிப் பேச்செடுத்தால் தேம்பாவணியில் தொடங்கித் தேம்பாவணியிலேயே முடித்துவிடுகிறோம். 36 படலம், 3,615 பாடல், பெருமைப்பட வேண்டியதுதான். ஆனால் கொள்ளிடத்தின் வடகரையில், திருமானூர் பக்கத்து ஏலாக்குறிச்சியில் அடைக்கல மாதாவுக்குக் கோயில் எழுப்பி, அவ்வூரைத் திருக்காவலூர் என்று பாடிய அதே மனிதர் உபதேசியார்களுக்காக ‘வேதியர் ஒழுக்கம்’ என்ற உரைநடை நூலையும் எழுதினார். பெரம்பலூர், அரியலூர் பங்குகளில் இன்று அதை நினைப்பவர் எத்தனை பேர்?

ஏன் எழுதினார் என்பது விளங்காத ஒன்றல்ல. அன்று குருக்கள் சிலரே. ஓர் ஊருக்குக் குருவானவர் வந்துபோனால் மறுபடி எப்போது வருவார் என்று சொல்ல முடியாது. இடைப்பட்ட காலமெல்லாம் சபை உபதேசியார் கையில்தான். செபம் சொல்லிக்கொடுப்பவர், சாகக் கிடப்பவரின் பாயருகே உட்காருபவர், பிழைக்காது என்று தோன்றிய குழந்தைக்குத் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுப்பவர் அவரே. அவர் நடந்துகொண்ட விதம்தான் அந்த ஊர் கண்ட திருச்சபை. காப்பியம் பாடிய கை இதற்காகவும் எழுத்தாணி பிடித்தது.

அந்தக் கையின் கவனத்துக்கு இன்னொரு சான்று நாம் தினமும் எழுதும் எழுத்திலேயே இருக்கிறது. குறில் எகர ஒகரத்துக்குப் புள்ளி வைப்பது பழைய முறை. ஓலையில் புள்ளி குத்தினால் கிழியும் என்று அதை விட்டுவிடுவார்கள். ‘எரி’யா ‘ஏரி’யா என்பதை வாசிப்பவர்தான் ஊகிக்க வேண்டும். நெடிலுக்குத் தனி வடிவம் கொடுத்து அந்தத் தடுமாற்றத்தைத் தீர்த்தவர் வீரமாமுனிவர். அவருடைய கொடுந்தமிழ் இலக்கணத்தை 1738இல் அச்சிட்டது, அவர் கடுமையாக வாதிட்டு எதிர்த்த தரங்கம்பாடி லுத்தரன் மிஷன் என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். கவனமாகச் செய்த வேலையை எதிரணியும் மதித்தது.

இன்று ஒரு பங்கு அலுவலகத்தில் ஞானஸ்நானப் பதிவேட்டை எழுதுபவர் குழந்தையின் பெயரில் ஓர் எழுத்தை மாற்றிவிட்டால் என்ன ஆகும்? இருபத்தைந்து ஆண்டு கழித்து, கல்யாண ஓலை வாசிக்கச் சான்றிதழ் கேட்டு வரும்போது பதிவேட்டில் ஒரு பெயர், ஆதாரில் ஒரு பெயர். கூலியை விட்டுவிட்டு அந்தத் தகப்பன் எத்தனை முறை அலைவார்! இறந்தவருக்கான திருப்பலியில் அவர் பெயரைத் தவறாக வாசித்தால், முன்வரிசையில் நிற்கும் மனைவிக்கு அதற்குப் பின் சொன்ன மறையுரை எதுவும் காதில் ஏறாது. வாசகத்தை மேடையில்தான் முதன்முதலாகப் பார்க்கிறவர் திக்கித் திணறுவதை ‘இறைவாக்கு’ என்று சபை கேட்டுக்கொண்டிருக்கிறது. மாலை ஆறரைக்குத் திருப்பலி என்று அறிவித்துவிட்டு ஏழுக்குத் தொடங்கினால், சின்ன வெங்காயக் காட்டிலிருந்து நேரே வந்தவளுக்குக் கடைசி பஸ் போய்விடும். சிமென்ட் ஆலையில் இரவு ஷிப்ட் உள்ளவர் நற்கருணைக்கு முன்பே எழுந்து போவார். அவர்களைப் பக்தி குறைந்தவர்கள் என்று எப்படிச் சொல்வது?

இவையெல்லாம் சில்லறை வேலை என்று ஒதுக்கும் மனநிலை நம் பங்குகளில் வளர்ந்திருக்கிறது. நுழைவு வளைவுக்கும் புதிய கோபுரத்துக்கும் நன்கொடைப் பட்டியல் வாசிக்கிறோம். பலகையில் பெயர் பொறிக்கிறோம். பதிவேட்டைச் செல்லரிக்காமல் காக்கவோ, கோயில்பிள்ளைக்கு ஒழுங்கான சம்பளம் கொடுக்கவோ, வாசகர்களைச் சனிக்கிழமை மாலை ஒரு மணி நேரம் உட்காரவைத்துப் பயிற்றுவிக்கவோ யாரும் நன்கொடை கேட்பதில்லை. கட்டடம் வேண்டாம் என்பதல்ல. முனிவரும் கோயில் கட்டியவர்தான். கட்டியதோடு நிற்காமல், அதன் வாசலில் வந்து நிற்பவரை எதிர்கொள்ளப்போகும் ஊழியரைப் பற்றியும் யோசித்தார்.

அடுத்த பங்குப் பேரவைக் கூட்டத்தில் வளைவுக்கான தீர்மானத்துக்கு முன்பாகப் பதிவேட்டை மேசைமேல் வையுங்கள். பிழையான பெயர்களைக் குடும்பத்தாரையே அழைத்துக் கேட்டு, மறைமாவட்ட அலுவலகத்தின் அனுமதியோடு திருத்துங்கள். செலவு அதிகம் ஆகாது. நேரம் ஆகும், அதைக் கொடுங்கள்.