கொம்புக்கு என்ன கொம்பா முளைத்திருக்கிறது?

ஆண்டிறுதி வகுப்பு விருந்துக்கு இந்த முறை ஜப்பானிய உணவுதான் என்று என் படிவம் நான்கு மாணவர்கள் முடிவெடுத்தார்கள். ஏன் என்று கேட்டேன். "அதுதான் ஹெல்தி, டீச்சர்" என்றார்கள். ஜார்ஜ்டவுன் பேரங்காடி ஒன்றில் விலை விசாரித்து வந்து, ஆளுக்கு 20 ரிங்கிட் என்று பலகையில் எழுதினார்கள். மறுநாள் ஒரு மாணவன் என்னிடம் வந்து, விருந்தன்று தனக்கு வேறு வேலை இருக்கிறது, வர முடியாது என்றான். விருந்துக்கு நாங்கள் இன்னும் நாளே குறிக்கவில்லை.

உங்கள் வகுப்பிலும் இப்படி ஒருவர் இருக்கலாம். அதனால்தான் இதை எழுதுகிறேன். ஜப்பானியச் சமையலுக்குப் பின்னால் இருக்கும் அறிவியலைப் புரிந்துகொண்டால், சௌராஸ்தா மார்க்கெட்டில் கிடைக்கும் பொருள்களை வைத்தே அந்த விருந்தைக் குறைந்த செலவில் நடத்தலாம் என்பது என் கருத்து.

சூப்பை எடுத்துக்கொள்ளுங்கள். மாணவர்களின் பட்டியலில் 'கொம்பு' என்ற காய்ந்த கடற்பாசிதான் மலைக்கவைத்தது. தோக்கியோவில் வேதியியல் பேராசிரியராக இருந்த கிக்குனே இக்கேடா, 1908-இல் இந்தக் கொம்பிலிருந்து குளூட்டமேட்டைப் பிரித்தெடுத்து, அதன் சுவைக்கு 'உமாமி' என்று பெயர் வைத்தார். 1913-இல் அவருடைய மாணவர் ஷிந்தாரோ கொடாமா, காய்ந்த சூரை மீனில் இனோசினேட் என்ற இன்னொரு சுவைப்பொருளைக் கண்டார். இவை இரண்டும் சேரும்போது சுவை வெறும் கூட்டல் கணக்காக ஏறுவதில்லை, பல மடங்காகிறது. ஜப்பானிய சூப்பில் கடற்பாசியும் மீனும் ஜோடியாக வருவது இதனால்தான்.

சரி, குளூட்டமேட் கொம்பில் மட்டுமா இருக்கிறது? நன்றாகப் பழுத்த தக்காளியிலும் இருக்கிறது. இனோசினேட் நம் நெத்திலிக் கருவாட்டில் உண்டு. ஜப்பானிய வீடுகளிலேயே காய்ந்த நெத்திலியை 'நிபோஷி' என்ற பெயரில் சூப்புக்குக் கொதிக்கவைக்கிறார்கள். சைவ நண்பர்களுக்குக் காய்ந்த ஷிட்டாகே காளான் போதும். அதிலுள்ள குவானிலேட் இனோசினேட்டின் வேலையைச் செய்யும். பினாங்கில் சீனர் மளிகைக் கடைக்கா பஞ்சம்? அப்புறம் கொம்புக்கு மட்டும் என்ன கொம்பா முளைத்திருக்கிறது?

அந்த 'ஹெல்தி' என்ற சொல்லையும் கொஞ்சம் உரசிப் பார்க்க வேண்டும். மீசோ என்பது புளிக்கவைத்த சோயா விழுது. நல்ல உணவுதான். ஆனால் வழக்கமான மீசோ 100 கிராமில் ஏறக்குறைய 12 கிராம் உப்பு இருக்கும். ஒரு கிண்ண சூப்பில் ஒரு மேசைக்கரண்டி போட்டால் சுமார் 2 கிராம் உப்பு உள்ளே போகிறது. பெரியவர்களுக்கே நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவாகத்தான் உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. உமாமி தூக்கலாக இருந்தால் உப்பைக் குறைத்தாலும் நாக்குக்கு அவ்வளவாகத் தெரியாது. எனவே மீசோவைப் பாதியாக்கினோம்; கூடவே தவ்வும் தெம்பேயும் சேர்த்தோம். தெம்பேயும் புளிக்கவைத்த சோயாதான், அதைப் புளிக்கவைக்க உப்பே தேவையில்லை. மிரினை அடியோடு விட்டோம். அதில் மது இருப்பதால் மலாய் நண்பர்கள் சாப்பிட முடியாது. சோயா சாஸிலும் மீசோவிலும்கூட ஹலால் முத்திரையைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்த பாடம் சோற்றில் இருக்கிறது. அரிசியின் மாவுச்சத்தில் அமிலோஸ் குறைந்து அமிலோபெக்டின் கூடினால் சோறு ஒட்டும். புளுட் அரிசியில் இருப்பது கிட்டத்தட்ட முழுக்க அமிலோபெக்டின்தான். சாதாரண அரிசி நான்கு பங்குக்குப் புளுட் ஒரு பங்கு கலந்து சமைத்தோம். ஜப்பானிய அரிசி போலவே இருந்தது என்று பொய் சொல்லமாட்டேன். ஆனால் உருண்டை பிடிக்க வந்தது.

கவனம் வேண்டிய இடமும் இதுதான். பேசில்லஸ் செரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் கொதிநீரிலும் பிழைத்துக்கொள்ளும். சோறு 5 முதல் 60 டிகிரி செல்சியஸ் வரையிலான சூட்டில் நெடுநேரம் கிடந்தால் அவை முளைத்துப் பெருகி, வாந்தி உண்டாக்கும் நஞ்சைச் சுரக்கும். 40 பேருக்கான பெரிய பானையில் நடுச்சோறு ஆற மணிக்கணக்காகும். ஜப்பானியர்கள் சுஷிச் சோற்றை அகன்ற மரத்தொட்டியில் பரப்பி, வினிகர் கலந்து விசிறுகிறார்கள். பரப்பு கூடினால் சூடு சீக்கிரம் இறங்கும். அமிலம் பிஎச் மதிப்பை 4.6-க்குக் கீழே கொண்டுபோனால் அந்த பாக்டீரியா பெருகாது. இதை எங்கேயோ பார்த்த மாதிரி இல்லையா? பாட்டி சோற்றைத் தாம்பாளத்தில் பரப்பி ஆறவைத்து, புளிக்காய்ச்சல் கலந்து பயணத்துக்குக் கட்டிக் கொடுப்பாரே, அதுவேதான். வினிகரில் அசெட்டிக் அமிலம், புளியில் டார்டாரிக் அமிலம்.

ஒரு கரண்டிச் சோற்றைத் தனிக் கோப்பையில் எடுத்து, பள்ளி ஆய்வுக்கூடத்து பிஎச் தாளால் சோதித்துப் பாருங்கள். சோதித்ததைச் சாப்பிடாதீர்கள்! புளிப்பு போதுமா என்று சந்தேகம் வந்தால், இரண்டு மணி நேரத்துக்குள் பரிமாறிவிடுங்கள்.

எங்களுக்கு ஆளுக்கு 6 ரிங்கிட் ஆனது. அந்த மாணவனுக்கு அன்றைக்கு வேலை இருக்கத்தான் செய்தது: பழைய நோட்டுப் புத்தக அட்டையை வைத்துக்கொண்டு, சோறு ஆறும்வரை விசிறிக்கொண்டிருந்தான்.