விடுமுறைத் தூண்டில்

மீன் பிடிப்பது பாவம் என்று நான் சொல்ல வரவில்லை. அதைச் சொல்வதற்கு ஏற்கெனவே நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களில் சிலர் ஞாயிற்றுக்கிழமை காலையில் வஞ்சிரம் வாங்க வரிசையில் நிற்பதையும் நான் பார்த்திருக்கிறேன். என் சண்டை வேறு.

திருவதிகையில் என் நண்பர் ஒருவர் இருக்கிறார். நல்ல உத்தியோகம், நல்ல குடும்பம், மனிதரும் நல்லவர். கோடை விடுமுறைக்கு அவர் ஒரு திட்டம் போட்டு, என் அபிப்பிராயத்தைக் கேட்டு அனுப்பியிருந்தார். மே மாதத்தில் பத்து நாள் மனைவி மக்களோடு கடலூரில் தங்குவது. காலையில் தேவனாம்பட்டினத்துக் கரையில் தூண்டில் போடுவது. ஒரு நாள் விசைப்படகில் ஆழ்கடலுக்குப் போய்ப் பெரிய மீனாகப் பிடிப்பது. ஒரு நாள் பிச்சாவரம். தூண்டில் கம்பு, உருளை, நரம்பு, முள், ரப்பரில் செய்த பொய் இரை எல்லாம் விலையோடு எழுதியிருந்தார். உருளை ஒன்று மட்டும் 9,000 ரூபாய். தொப்பி உண்டு, மாத்திரை உண்டு, பிடித்த மீனைத் தூக்கிக்கொண்டு எடுக்கப்போகும் படம்கூட உண்டு. ஒன்றுதான் இல்லை: அந்தக் கடலில் பிழைக்கிற மனிதன். அவன் ஒரே ஒரு வரியில் வருகிறான். "படகு வாடகை – பேரம் பேசிக்கொள்ளலாம்."

அந்த ஒரு வரியின் மேல்தான் எனக்குக் கோபம். அது என் நண்பர் ஒருவருடைய வரி அல்ல. கரைக்கு இந்தப் பக்கம் வாழ்கிற நம் எல்லோருடைய மனோபாவமும் அதுதான்.

முதலில் தேதியைப் பாருங்கள். ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாட்கள், தமிழகத்தின் கிழக்குக் கடலில் விசைப்படகுகள் மீன் பிடிக்கக் கூடாது. முன்பு 45 நாளாக இருந்த தடை, 2017-இல் 61 நாள் ஆயிற்று. மீன்கள் இனம் பெருக்கும் காலம் என்பதால் அப்படி ஒரு சட்டம். நம் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் மூடுகிற காலமும் அதுவே. ஆக, நாம் கடலைத் தேடிப் போகிற நாட்களில்தான் விசைப்படகுக்காரர்கள் கடலை விட்டு ஒதுங்கி, கடலூர் முதுநகர்த் துறைமுகத்தில் படகைக் கட்டிவிட்டு வலை பின்னிக்கொண்டிருக்கிறார்கள். இந்த நாட்களுக்கு ஒரு குடும்பத்துக்கு அரசு கொடுக்கும் நிவாரணம், உயர்த்தப்பட்ட பிறகு, 8,000 ரூபாய். வகுத்துப் பாருங்கள், நாளைக்கு 131 ரூபாய். என் நண்பருடைய உருளையின் விலைக்கு அது எட்டவில்லை.

அப்படிப்பட்டவனிடம் போய், "கொஞ்சம் கூடக் கொடுத்தால் படகை எடுக்கமாட்டாயா?" என்று கேட்பது எவ்வளவு பெரிய அநியாயம்! வயிற்றைக் கட்டிக்கொண்டு அவன் காப்பாற்றுகிற சட்டத்தை, பொழுது போகாத நமக்காக அவன் உடைக்க வேண்டுமாம்.

"தூண்டிலுக்குத் தடை இல்லையே?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. கட்டுமரத்துக்கும் சிறு நாட்டுப்படகுக்கும் தூண்டிலுக்கும் தடை இல்லைதான். இழுவை வலை கடலின் அடிமடியைச் சுரண்டிக் குஞ்சு குளுவானையும் வாரி வருகிறது. தூண்டில் அப்படிச் செய்வதில்லை. ஆனால் சட்டம் தடுக்கவில்லை என்பதனாலேயே ஒரு காரியம் யோக்கியமானதாகிவிடாது. கழிமுகத்தில் தூண்டில் போடுகிறவர்கள் எல்லோரும் ஆசைப்படுகிற மீன் கொடுவா. அது ஆணாக வாழ்வைத் தொடங்கி, வளர்ந்து பருத்தபின் பெண்ணாக மாறுகிற இனம். ஆகையால், படம் எடுப்பதற்கு லாயக்கான பெரிய கொடுவா பெரும்பாலும் முட்டையிடுகிற தாய் மீன். செம்படவனும் அதைப் பிடிக்கத்தான் செய்கிறான். மீனுக்கு அதில் வித்தியாசம் இல்லை என்பது வாஸ்தவம், மனிதனுக்கு உண்டு. அவன் பிடித்தது அன்றைக்கு உலை கொதிக்க. நாம் பிடிப்பது நாலு பேரிடம் காட்ட.

மீனைக் காட்டிப் பெருமைப்படுகிற நாம், மீன்காரியை எப்படி நடத்துகிறோம்? 2021 டிசம்பரில் குளச்சலில், மீன் விற்றுவிட்டு வீடு திரும்பிய ஒரு மூதாட்டியை, நாற்றம் அடிக்கிறது என்று அரசுப் பேருந்திலிருந்து இறக்கிவிட்டார்கள். செய்தி வெளியே வந்து ஊழியர்கள் தற்காலிகப் பணிநீக்கம் செய்யப்பட்டார்கள். ஊழியர்களோடு விஷயம் முடிந்துவிட்டதா? கூடை ஏறினால் மூக்கைப் பிடித்துக்கொண்டு நகர்கிற பிரயாணிகள் எந்த ஊர்ப் பேருந்தில் இல்லை? அதே வாசனை நம் கையில் பத்து நாள் ஒட்டிக்கொண்டால் அதற்குப் பெயர் உல்லாசம்!

2004 டிசம்பர் 26-ஐ நினைத்துக்கொள்ளுங்கள். கடலூர் மாவட்டத்தில் மட்டும் 600 பேருக்கு மேல் கடல் கொண்டுபோயிற்று. தேவனாம்பட்டினமும் அதற்குத் தப்பவில்லை. அதற்குப் பிறகு நாம் செய்தது என்ன? பிணம் தின்ற மீன் என்று ஒரு வதந்தியைக் கிளப்பி, வாரக்கணக்கில் மீன் வாங்காமல் இருந்தோம். படகும் வலையும் போனவனுக்கு, எஞ்சியிருந்த பிழைப்பிலும் மண் விழுந்தது. கடல் அடித்ததை அவன் விதி என்று பொறுத்துக்கொண்டிருக்கலாம். ஊர் அடித்ததை எப்படிப் பொறுப்பான்?

திருவதிகைக்காரர்களுக்கு இதில் தனியாக ஒரு கடன் உண்டு. கல்லில் கட்டிக் கடலில் எறியப்பட்ட திருநாவுக்கரசர், அந்தக் கல்லையே தெப்பமாகக் கொண்டு திருப்பாதிரிப்புலியூர் அருகே கரை சேர்ந்தார் என்பது ஐதிகம். அவர் கரையேறிய இடத்துக்கு இன்றைக்கும் கரையேறவிட்ட குப்பம் என்றுதான் பெயர். கடலோரத்தில் குப்பம் என்றால் யார் குடியிருக்கும் ஊர் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. திருவதிகையில் கோயிலை ஒட்டி ஓடுகிற கெடிலமும் கடலூரில்தான் கடலில் கலக்கிறது. புராணத்துக்கும் ஆற்றுக்கும் தெரிந்த வழி, நமக்கு மட்டும் 'படகு வாடகை' என்ற வரியில் அடைபட்டுப் போகிறது.

அப்படியானால் போகவே கூடாதா? தாராளமாகப் போங்கள். குழந்தைகள் கடலைப் பார்க்கட்டும், தூண்டிலும் பிடிக்கட்டும். ஆனால் எஜமானர்களாகப் போகாதீர்கள், மாணாக்கர்களாகப் போங்கள். கட்டுமரக்காரர் ஒருவரைக் கண்டு, அன்றைய தொழிலில் அவருக்குக் கிடைக்கக்கூடியது என்னவென்று கேட்டு, அதற்கு மேலேயே கொடுங்கள். அது வாடகை அல்ல, வாத்தியார் சம்பளம். வாத்தியாரிடம் யாராவது பேரம் பேசுவார்களா? "இன்றைக்கு நீரோட்டம் சரியில்லை, வேண்டாம்" என்று அவர் சொன்னால் திரும்பிவிடுங்கள். கரையில் காலை நனைக்கப் போய் அலையில் இழுபட்டுப் போனவர்களில் அநேகர் வெளியூர்க்காரர்கள். குஞ்சையும் தாயையும் கடலுக்கே விட்டுவிட்டு, தின்கிற அளவுக்கு எடுத்துக்கொள்ளுங்கள். குடும்ப விடுமுறை என்கிறீர்களே, உங்கள் மனைவி கையிலும் ஒரு தூண்டிலைக் கொடுங்கள். நீங்கள் பிடித்ததை ஆய்ந்து குழம்பு வைப்பதற்காக அந்த அம்மாள் கடலூர் வரை வர வேண்டியதில்லை. பிச்சாவரத்துக்குப் போனால், அந்தச் சதுப்புக்காட்டில் இருளர் மக்கள் இடுப்பளவு நீரில் நின்று வெறுங்கையால் இறால் தடவி எடுப்பதைக் குழந்தைகளுக்குக் காட்டுங்கள். அதற்குமுன் ஒன்பதாயிரம் ரூபாய் உருளை தானாகவே கொஞ்சம் வெட்கப்படும்.

கடலுக்குப் போகிறவன், "மீன் பிடிக்கப் போகிறேன்" என்று சொல்வதில்லை. "தொழிலுக்குப் போகிறேன்" என்றுதான் சொல்கிறான். ஒருவனுடைய தொழில் இன்னொருவனுக்கு விளையாட்டாக இருக்கலாம், அதில் தப்பில்லை. தொழில் செய்கிறவனை மனிதனாகப் பார்க்கத் தெரியாதவன் அதை விளையாடக் கூடாது. இவ்வளவுதான் நான் சொல்வது.